ரேகை விழாத கை

ரேகை விழலம்மா, தொடைச்சிட்டு வையுங்க
என்கிறார் ரேஷன் கடைக்காரர்.
சித்தி முந்தானையில் துடைத்து
மறுபடி வைக்கிறாள்.
சிவப்பு விளக்கு.
இடது கை. அதுவும் சிவப்பு.
பின்னால் வரிசை உச்சுக்கொட்டுகிறது.

அந்த ரேகைகள் எங்கே போயின என்று
மெஷினுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
என் முதுகில் இருக்கின்றன.

புளியந்தோப்பு, ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
பின்னி மில் பூட்டிக் கிடந்த வருஷம்.
அப்பா கட்டிக்கொண்டு வந்த இஞ்ஞாசியம்மாள்
ஆறு மாசமாகச் சோறு போடுகிறாள்,
ஆறு மாசமாக நான்
அவள் கைபட்ட தட்டைத் தள்ளிவிடுகிறேன்.
ஒன்பது வயசு.
செத்துப்போன அம்மாவுக்காக
என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அன்றைக்கும் தள்ளினேன்.
என் பசிக்கு நானே ஆக்கிக்கொள்வேன் என்று
பம்ப் ஸ்டவ்வை அடித்தேன், அடித்தேன்,
கிருஷ்ணாயில் சீறி
பாலியஸ்டர் சட்டையில் ஏறிக்கொண்டது.

கோணி தேடவில்லை அவள்.
குடத்தைத் தேடவில்லை.
வெறுங்கையால் அணைத்தாள்.
அந்தச் சொல்லுக்குத் தமிழில்
இரண்டு அர்த்தம் இருப்பது
அப்போது எனக்குத் தெரியாது.

கீழ்ப்பாக்கம் என்றால் இந்த ஊரில் சிரிப்பார்கள்.
நான் சிரிப்பதில்லை.
தீக்காய வார்டில் வாழையிலை விரித்து
என்னைக் கிடத்தினார்கள்,
பரிமாறியும் யாரும் தொடாத சோறு மாதிரி.
தாழ்வாரத்துக்கு அந்தப்பக்கம் பெண்கள் வார்டு.
காலையில் கட்டுப் பிரிக்கும்போது
அவள் கத்துவது கேட்கும்.
எனக்குச் சாபம் விடுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.
கத்தி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்பாளாம்,
நர்ஸ் ஒருநாள் சொன்னார்:
பையன் சாப்பிட்டானா?

அன்று சாப்பிட்டேன்.
பாசத்தில் இல்லை, பயத்தில்.

தோல் ஆறு மாசத்தில் ஆறிவிட்டது.
உள்ளே இருந்தது ஆறவில்லை.
கடன்பட்டவனுக்குத்தான் கோபம் அதிகம்.
பதினேழு வயசில் ஒரு ராத்திரி
உன்னை யாரு காப்பாத்தச் சொன்னது என்று கேட்டேன்.
மடங்காத விரல்களால்
கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.
உருவி முடித்தாள்.
விளக்கை அணைக்கட்டுமா என்றாள்.

போன பெரிய வெள்ளிக்கிழமை சின்னமலைக்குக்
கூட்டிப்போகச் சொன்னாள்.
குகைப் பாறையில் ஒரு கைத்தடம்;
தோமையாருடையது என்கிறார்கள்.
காயத்தில் விரல் விட்டால்தான் நம்புவேன் என்ற மனுஷன்.
அவர் பேரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள்.
சித்தி தன் கையை அதில் வைத்துப் பார்த்தாள்.
கல்லுலகூட விழுது, கடையில விழமாட்டேங்குது பாரு
என்று சிரித்தாள்.

மேலே கோயிலில் சிலுவை முத்தி செய்யும் வரிசை.
அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
எங்கள் முறை வந்தபோது
மரத்தில் இருந்த கைகளைப் பார்த்தேன்.
அவையும் மடங்காது.
எதையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாத கைகள்.
சித்தி அந்தப் பாதத்தில் குனிந்தாள்.
நான் அவள் உள்ளங்கையைத் திருப்பி
அதில் குனிந்தேன்.
வழுவழுப்பாக, மெழுகு மாதிரி இருந்தது.
பின்னால் யாரோ நகரச் சொன்னார்கள்.

ஒருத்தர் வலி இன்னொருத்தருக்கு
எப்படி மருந்தாகும்?
சாமியார் விளக்கித்தான் பார்க்கிறார்.
புத்திக்கு ஏறவில்லை இன்னும்.
முதுகு மட்டும் முந்திக்கொண்டது.
அந்த ராத்திரி
முப்பது வருஷத்தில் முதல்தடவையாக
மல்லாந்து தூங்கினேன்.

கார்டுல வேற யாராச்சும் இருக்கீங்களா, சார்?
பெருவிரலை வைக்கிறேன்.
பச்சை.
சீட்டு நெளிந்து நெளிந்து வெளியே வருகிறது.
அரிசி இருபது கிலோ. சர்க்கரை. பருப்பு இல்லை.
கீழே, பெற்றவர்: மகன்.

மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறேன்.
சித்தி பைக்குள் எட்டிப் பார்க்கிறாள்.
வண்டா இருக்கு, தொம்மா,
புடைச்சுத்தான் உலையில போடணும்.

சரி.
முறத்தை நான் பிடிக்கிறேன்.