வரைந்தது, வந்தது

பாயான் லெப்பாஸ், மூன்றாம் மாடி, இரவு பத்தே முக்கால்.
கோலாலம்பூரில் ஒரு பெட்டி வரைகிறது.
இங்கே என் திரையில் மூன்று பல்சக்கரங்கள்,
சிவப்பு, பச்சை, நீலம்.
எதையும் அரைக்காதவை, எதையும் இறைக்காதவை,
சுற்றுகிறதா என்று பார்ப்பதற்காகவே சுற்றுபவை.

மூலையில் எண்: நொடிக்கு அறுபது.
ஐம்பத்தொன்பது. மறுபடி அறுபது.
மிஸ்டர் ஊய்க்கு அந்த எண் போதும்,
அதைப் பெரிய எழுத்தில் போட்டுக்
கப்பாளா பத்தாஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டுக்
கார் சாவியோடு போய்விட்டார்.

என் கண்ணுக்குத்தான் இடறுகிறது.
சிவப்பின் ஒரு பல் மேலே நிற்கிறது,
அடுத்துப் பார்த்தால் கீழே.
இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

போனில் நவநீதன், சர்வர் அறையில் இரவு முறை.
சாப்பிட்டாயா என்றேன். மீ கோரேங், தாப்பாவ், ஆறிப்போச்சு என்றான்.
அவனுக்குப் பின்னால் விசிறிகளின் பேரிரைச்சல்.
"நிறுத்திட்டேன் அக்கா" என்றான்.
சொல் வந்து சேர்ந்துவிட்டது.
சங்கு ஊதியும் ஓய மனமில்லாத ஆலையைப் போல
சக்கரம் இன்னும் கொஞ்சம் சுற்றியது.

சரி, எண்ணிவிடுவோம்.
நொடிக்கு இருநூற்று நாற்பது படம் பிடிக்கும் என் போனைப்
பிஸ்கட் டின் மேல் சாய்த்து வைத்தேன்.
எலியை அழுத்துகிற விரல், அசைகிற சக்கரம்,
இரண்டும் ஒரே சட்டத்துக்குள்.
பிறகு ஒவ்வொன்றாக நகர்த்தினேன்.
விரல் இறங்கி முப்பத்து நான்கு படம் கழித்துத்தான்
சக்கரத்துக்குச் செய்தி தெரிகிறது.
ரசீதின் பின்பக்கம் நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு,
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
ஒரு நொடியில் உண்மையாகவே மாறிய படங்கள்
இருபத்து மூன்று.
இரண்டாம் தடவையும் இருபத்து மூன்று.

மிச்சம் முப்பத்தேழு?
வழியில் தொலையவில்லை, புறப்படவே இல்லை.
வரைந்த ஈரத்தோடு அடுத்தது வந்து நிற்க,
முந்தையதைக் கிழித்துப் போட்டிருக்கிறது பெட்டி.

வழியை அகலமாக்கலாம் என்பார்கள்.
பாலத்தில் இன்னொரு தடம் போட்டால்
நெரிசல் குறையும்தான்.
பிறையிலிருந்து தீவு அதே தூரம்.

ஒரு யோசனை வந்தது.
என் பக்கத்துச் சன்னலை முழுதாக மூடினேன்.
இங்கே பார்ப்பதற்கு எவரும் இல்லை, ஒரு படம்கூட வரவில்லை.
"நவநீதா, உன் பக்கம் எண் என்ன காட்டுது?"
அவன் வாய்க்குள் மீயோடு படித்தான்:
"அறுபது."

இருவரும் சிரித்தோம். அவன் சிரிப்பு அரை மூச்சு பிந்தி வந்தது.

திங்கட்கிழமை இந்தச் சக்கரங்கள் இருக்கும் இடத்தில்
ஒரு தாடை சுழலும்.
மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவனின் தாடை, இருபத்தெட்டுப் பற்களோடு.
டாக்டர் அதைத் திருப்பித் திருப்பி
மயிரிழை விரிசல் ஒன்றைத் தேடுவார்.
சுழலும்போது படம் கட்டம் கட்டமாகக் கரைகிறது,
அந்தக் கட்டத்துக்குள் மயிரிழை நிற்காது.
கை நின்ற பிறகு மெல்லத் தெளிகிறது.
எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்று
நாங்கள் யாரும் அளந்ததே இல்லை.
அதற்கு எண் இல்லை, அதனால் கேள்வியும் இல்லை.

அதை அளக்கத்தான் மணி ஒன்றரை ஆகிவிட்டது.
அளந்ததையும் முழுதாக நம்பவில்லை.
ஒன்பது தடவையில் இரண்டு தடவை
படம் தெளியாமலே நின்றுவிட்டது.
ஏன் என்று தெரியவில்லை. அதையும் எழுதினேன்.

அறிக்கையில் ஏற்கெனவே ஒரு பத்தி: வரைந்தது, 60.
பக்கத்தில் கோடு இழுத்து
வந்தது, 23.
மிஸ்டர் ஊய் எதை அழிப்பார் என்று தெரியும்.
பக்கத்தைப் படமாக்கி, படமாகவே அனுப்பினேன்,
அழிப்பதென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டும்.

"லைன்ல இருக்கீங்களா அக்கா?"
"இரு" என்பதற்குள் அவன் மறுபடி "அக்கா" என்றான்.
சக்கரங்களை மூடச் சொன்னேன்.
மூடிட்டேன் என்றான்.
நீலம் மட்டும் இன்னும் கால் சுற்று சுற்றியது.