வியாழன் வரைக்கும்

செருப்புக் கம்பெனி மூடிய ஏழாம் மாதம்
நான் எல்லாருக்கும் நல்லவனாகிவிட்டேன்.
பழைய கடனைத் தீர்த்தேன்.
டிரில் மிஷினைப் பூபாலனிடம் கொடுத்தேன்,
தூண்டிலை எதிர்வீட்டுப் பையனிடம்,
குக்கரைச் சவுந்தரியிடம்.
தங்கமான மனுஷன் என்றது
சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெரு.

சவுந்தரி ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்.
என்னோடு படித்தவள், கணக்கில் என்னைவிட மோசம்.
குக்கரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:
"லோகா, சாகலாம்னு நினைக்கிறியா?"

தக்காளி விலை கேட்பதுபோல.

அந்தச் சொல் வாய்விட்டு வந்தால்
கூரை விழுந்துவிடும் என்றல்லவா
இத்தனை நாள் மென்று விழுங்கியிருந்தேன்.
ஆமாம் என்றேன்.
கூரை அப்படியே இருந்தது.
பக்கத்து வீட்டு நாய் ஒருமுறை குரைத்தது.

கோயிலில் கொடி ஏறும் மாதமில்லை.
அவள் தன் சீருடையின் நாடாவை உருவினாள்.
என் சமையலறையில் மஞ்சள் தேடினாள்,
கிடைத்தது கறி மசாலாதான்.
"இதிலேயும் மஞ்சள் இருக்கு"
என்று தோய்த்து
வலது மணிக்கட்டில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"காப்புக் கட்டியாச்சு.
அவிழ்க்கிற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது."

தீமிதிக்கு இருமுறை கட்டியவன் நான்.
காப்போடு ஊர்விட்டுப் போன ஒருத்தனை
எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை.
எந்த எல்லை என்று கேட்டேன்.
அவள் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.
"வியாழக்கிழமை வந்து நான்தான் அவிழ்ப்பேன்."

அம்மனை நான் நம்பினேனா, தெரியாது.
மணிக்கட்டில் மிளகாய் எரிந்தது,
அது மட்டும் நிச்சயம்.

அன்றிரவு பூபாலன் வந்தான்,
மிஷின் ஓடவில்லையாம்.
நன்றாகத்தான் ஓடியது.
கெடாத மிஷினைப் பிரித்தும் பூட்டியும்
இருவருமாக விடிய வைத்தோம்.
காலையில் அவன் காரில் டாக்டரிடம்.
மாத்திரை, கேள்விகள்,
மறுபடி வரச்சொல்லி ஒரு சீட்டு.
திரும்பும் வழியெல்லாம் அழுதேன்,
அவன் ரேடியோவை அணைக்கவில்லை.

வியாழன் வந்தாள், அவிழ்த்தாள்.
அந்தக் கையோடு இன்னொன்று கட்டினாள்.

செப்டம்பரில் மார்க்கெட்டில் வேலை கிடைத்தது.
உருளைக்கிழங்கு இறக்கும்போது சிபோனெலோ
என் கையை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் கையை நீட்டினான்:
முன்னோருக்கு அறுத்த ஆட்டின் தோல்,
மயிரோடு, வளையமாக.
இசிபாண்ட்லா என்றான்.
"எங்களுடையதை அவிழ்க்கக் கூடாது, தானாக விழணும்.
அதுவரை பெரியவங்க கூடவே நடப்பாங்க.
உன்னுடையது?"

வியாழன் வரைக்கும்.

"அப்புறம்?"

மூட்டை தோளை அழுத்தியது.
அப்புறம் வேறொரு வியாழன் என்றேன்.
சிரித்தான்.
அவன் தோல் நாறியது, என் நாடா மசாலா மணத்தது,
லாரியில் பாதிக்குமேல் பாக்கி இருந்தது.

டிரில் மிஷினைப் பூபாலனிடம்
இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.
மாதம் ஒருமுறையாவது
ராத்திரியில்தான் அது கெட்டுப்போகிறது.