கீழே ஓடும் எழுத்து

பொகவந்தலாவையில் மழை பிடித்தால்
மூன்று நாளைக்கு விடாது.
சிக்னல்தான் விட்டு விட்டு வரும்.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
சவுக்கு மரத்தடியில் இரண்டு கோடு.
எங்கள் காம்பராவில், ஜன்னல் கம்பியில்
போனைக் கட்டித் தொங்கவிட்டால் ஒரு கோடு.
அந்த ஒற்றைக் கோட்டில்
சியோல் நகரம் லயத்துக்கு ஏறி வரும்,
நின்று, சுற்றி, மூச்சு வாங்கி.

யுகேந்தினிக்கும் எனக்கும்
நெற்றியை மறைக்கும் ஒரே முடிவெட்டு.
கண்ணாடி பார்த்து நானே வெட்டியது.
"கவ்வாத்துக் கத்தியாலயா வெட்டுன?" என்றாள் அம்மா.
சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

அண்ணனும் கொரியன் படிக்கிறான்,
ஹட்டனில், ஞாயிறு வகுப்பில், பரீட்சைக்கு.
என்னுடையது காதலர்களின் கொரியன்:
மழையில் நனையாதே, எனக்காகக் காத்திரு.
அவனுடையது இயந்திரங்களின் கொரியன்:
கையை எடு. சுவிட்சை அணை.
சம்பளம் எந்தத் தேதி?

நாங்களும் வீடியோ போட்டோம்.
"அம்மா கொழுந்தெடுக்கப் போயிருக்கு,
பதினெட்டுக் கிலோ இல்லாட்டி அரைப்பேர்தான்"
என்றேன், கமராவைப் பார்த்து.
போன் தானாக எழுதிக்கொண்டது:
அம்மா குழந்தை எடுக்கப் போயிருக்கு,
பதினெட்டுக் கிலோ.
அரைப்பேரை அது எழுதவே இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வாழ்த்தினார்.
ஆணா பெண்ணா என்று கேட்டார் இன்னொருவர்.
டொரண்டோவிலிருந்து ஒரு அக்கா
இவ்வளவு எடையா, தாய் சுகமா என்றாள்.
யுகேந்தினி தரையில் உருண்டு சிரித்தாள்.
ஒரு பையன் மட்டும் கேட்டிருந்தான்:
இது எந்த ஊர்த் தமிழ்? யாழ்ப்பாணமா?
இல்லை என்று எழுதி, மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல்
ஒரு மலைப் படம் வைத்தேன்.

அடுத்த வீடியோவில் "செம" என்றேன்,
"வேற லெவல்" என்றேன்.
முந்நூறு பேர் கூடப் பார்த்தார்கள்.
போட்டுக் கேட்டால்
என் வாயில் யாரோ குடியிருக்கிறாள்.
வாடகையும் ஒழுங்காகத் தருகிறாள்,
அதுதான் சங்கடம்.

நேற்றுப் பகல்.
ஸ்டோரில் இரவு வேலை முடித்த அப்பா
பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் தூக்கம்.
இந்தப் பக்கம் பன்னிரண்டாம் பாகம்.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கிழவர்.
கீழே சிங்கள எழுத்து ஓடுகிறது,
பாதி வாசிப்பேன், பாதி ஊகிப்பேன்.
மகள் ஓடி வந்து கதறுகிறாள்:
"அப்பா!"
கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான்.

தட்டிக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.
"என்னம்மா?"
பாதி தூக்கம், பாதி பயம்.

போன்தான், நீங்க படுங்க
என்று சொல்லியிருக்கலாம்.
சியோல் கிழவர் கண் திறக்கவில்லை.
அவள் மறுபடி கூப்பிட வாயைத் திறக்குமுன்
சத்தத்தை அணைத்தேன்.

"ஒண்ணுமில்லப்பா. தேத்தண்ணி ஊத்தவா?"
எந்த ஊர்த் தமிழில் சொன்னேன் என்று
அப்போது யோசிக்கவில்லை.
"ஊத்து. சீனி கொஞ்சமா."

அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தேன்.
ஜன்னல் கம்பியில், மழைக்கு முன்னால்,
வாய் திறந்தபடி நின்றுபோயிருந்தாள்.
அவள் முகத்தின் மேல் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
கீழே எழுத்து
இன்னும் வரவில்லை.