நடுச்சுவர்

ஆசாரத்து உத்தரத்தில் எட்டு வெறுந்துளைகள்.
கழுந்து ஏறாதவை, எதையும் தாங்காதவை.
டார்ச் அடித்தேன். ஒன்றில் குளவிக்கூடு.
இந்தத் தேக்கு இந்த வீட்டுக்கென்று அறுத்ததில்லை.
வேறெங்கோ ஒரு கூரைக்கு உழைத்துவிட்டு
மாற்றலாகி வந்திருக்கிறது,
பழைய ஊரின் தழும்புகளோடு.

வெள்ளகோவில், மேற்கு வீதி, பங்குனி வெயில்.
வக்கீல் கமிஷனர் வாசலில் போன் பேசுகிறார்.
நான் அவர் கூட்டி வந்த இன்ஜினியர்.
டேப்பின் மறுமுனைக்கு
சென்னியப்பன் தரப்பில் ஓர் ஆள்,
அவர் தம்பி சம்சாரம் வேலாத்தாள் தரப்பில் ஓர் ஆள்.
பதினெட்டு அடி நாலு அங்குலம் என்று ஒருவர் படிக்க,
பதினெட்டு அடி நாலு அங்குலம் என்று
ஆட்சேபிக்கிற குரலில் படிக்கிறார் இன்னொருவர்.

வீட்டுக்கு என்ன வயசு, கேட்கிறார் கமிஷனர்.
எந்த வீட்டுக்கு?
கைமரங்கள் பனை, வைரம் பாய்ந்து கறுத்தவை.
அவற்றில் இரண்டு வரிசை ஆணித்தழும்பு:
நெருங்கி இருப்பது நாட்டு ஓட்டுக்கு,
தள்ளித் தள்ளி இருப்பது சீமை ஓட்டுக்கு.
வடமேற்கு மூலையில் நான்கு மட்டும் பிந்தி வந்தவை;
அதற்கடுத்த மரத்தைச் சுரண்டினால் விரலில் கரி.
எப்போதோ தீப்பிடித்ததை
இரண்டு தரப்பும் சொல்லவில்லை.
மழை விழுந்த தொட்டிக்கு மேல் தகரம்.
அட்டாலிக்கு ஏறும் படியை வெட்டி
கக்கூஸுக்கு இடம் பிடித்திருக்கிறார்கள்.
மேலே என்ன கிடக்கிறதென்று பார்க்க
பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கினோம்.

பிறகு தறி.
எண்பத்து மூன்றில் இரண்டு விசைத்தறிகள் இறங்கின.
ஒன்று நுழைந்தது.
இன்னொன்றுக்கு நடுத்தூண் இடைஞ்சல்.
அறுத்துவிட்டார்கள்.
அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு முனை
ரம்பம் பிடித்ததாக இரண்டு மனுவிலும் இருக்கிறது.
இந்த வழக்கில்
இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரே வரி அது.

பதினோரு வருஷம் உத்தரம்
தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நின்றது,
கீழே லடக் லடக்கென்று தறி ஆட்ட ஆட்ட.
அதன் முதுகில் இன்னும் பஞ்சுத் தூசி.

தொண்ணூற்று நாலில், ஒரு மோட்டார் பங்குக்காக, சண்டை.
ஒரே ராத்திரியில் சென்னியப்பன் எழுப்பிய சுவர்:
ஹாலோ பிளாக், ஆறு அங்குலம்,
தூக்குக்குண்டைக் கண்ணால் காணாதது.
உத்தரத்தின் அடியில் மிஞ்சிய சந்திலெல்லாம்
ஓட்டுச் சில்லும் சிமெண்ட்டும் திணித்திருக்கிறது,
அந்தப் பக்கத்துத் தாளிப்பு வாசம்கூட
இந்தப் பக்கம் வரக் கூடாதென்று.
அறுத்த தூணின் அடிவட்டம்
சுவருக்கு இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம்
எண்ணெய் குடித்து எட்டிப் பார்க்கிறது.
வாழைப்பூப் போதிகையும் பாதி சிமெண்ட்டுக்குள்.

வேலாத்தாள் சுவரை இடிக்கச் சொல்கிறார்.
சென்னியப்பனுக்கு அது ரெண்டடி தெற்கே போகணும்.
பையில் இருந்த பெட்ரோல் ரசீதை எடுத்து
சுவருக்கும் மரத்துக்கும் நடுவே விட்டுப் பார்த்தேன்.
சிமெண்ட் சுருங்கிய ஓரங்களில் போனது.
நடுவில், தூண் நின்ற இடத்துக்கு நேர் மேலே,
மூன்று தடவையும் மடங்கித் திரும்பியது.
உத்தரம் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

தெற்குப் பாதியில் நின்று விளக்கினேன்:
இடித்தால் ஆசாரம் வந்துவிடும் கீழே.
தள்ளிக் கட்டினாலும் அதேதான்.
வேலாத்தாள் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தட்டினார்,
தேங்காய் முற்றியதா என்று பார்ப்பதுபோல.
பிறகு, தன் ஆளை விலக்கிவிட்டு, நேராக என்னிடம்:
“அப்பொ இதைக் கட்டுன கூலியில பாதி
நாங்குடுக்கோணுமுங்களா?”

மறுபக்கம் இருமல் நின்றது.
“மூட்டைக் கணக்கு எங்கிட்ட இருக்குதுங்க,”
என்றது சுவர்.