ம்

ப்ர்னோ, நவம்பர். விடுதியின் இரண்டாம் மாடி.
ஒரு சொல்லுக்காக மூன்றாவது நாள்:
‘செய்யவேண்டும்’ என்பதா, ‘செய்யலாம்’ என்பதா.

கை தூக்கக்கூடாது இங்கே. ஓட்டும் கிடையாது.
சம்மதிப்பவர்கள் வாய்மூடி ம் கொட்ட,
எந்தப் பக்கம் கனம் என்று
அமர்வுத் தலைவர் ராடிம் காதால் நிறுப்பார்.

மார்யா தார்த்துவிலிருந்து வந்திருந்தாள்.
இணையத்தைக் காதால் படிப்பவள்.
‘லாம் போட்டால் எவன் செய்வான்?
பொத்தானுக்குப் பெயர் இருக்கவேண்டும்.
வேண்டும் என்றே எழுதுங்கள்.’

முதல் ம்.
தண்ணீர்க் குவளைகள் அதிர்ந்தன.

எதிர் ம்.
மூன்று நாற்காலிகள், மூன்றிலும்
ஒரே நிறுவனத்தின் கழுத்துப்பட்டை.

அதில் ஒருவன், லௌரென்ஸ்,
பாப்பி விதைக் கேக்கை மென்றுகொண்டே சொன்னான்:
‘செவ்வாய்க்கிழமையே வெளியிட்டாயிற்று.
லாம்தான். எழுபது கோடிக் கணினிகளில்.’
குரலில் பகை இல்லை. மழை பெய்கிறது என்பதுபோல.

ராடிம் கண்ணாடியைத் துடைத்தார்
வெகுநேரம்.

குறிப்பெழுதுவது அன்று என் முறை.
‘அறையின் பொதுக்கருத்து’ என்று தொடங்கி
அழித்தேன்.
திரும்பத் தொடங்கினேன்.

மார்யா மேசையைத் தடவிப் பக்கத்தில் வந்து
என்ன எழுதினாய், வாசி என்றாள்.

வாசித்தேன்.

ம், என்றாள்.