பங்கேற்பாளர் பதினான்கு

செயின்ட் பாலில் ஜனவரி.
நேற்றைய பனி ஜன்னல் விளிம்பில் கண்ணாடியாகிவிட்டது.
காதில் ஹெட்போன் மாட்டியிருக்கிறேன்.
ஒலிப்பதிவில் நிமிடத்துக்கு ஒரு டாலர் இருபது காசு,
மௌனத்துக்கும் அதே விலை.

பெயர் எழுதக் கூடாது.
பங்கேற்பாளர் பதினான்கு. பெண். நாற்பத்தேழு வயது.
சர்க்கரை நோய், ஒன்பது ஆண்டுகளாக.
ஒன்றரை மணி நேரம் வண்டியோட்டிப் போய்
வான்கோழி ஆலையில் இரவு வேலை.

"ஊசியை ஏன் நிறுத்தினீர்கள்?"
கேட்பது என் குரல்தான்.
பதிவில் யாரோ பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருக்கிறது.

பதினோரு விநாடி.
பலகையில் கத்தி. வெங்காயத்தாள்.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு அடங்குகிறது.
பிறகு அவள், கத்தியை நிறுத்தாமல்:
"மகன் போனபிறகு என் ஈரல் அழுகிப்போச்சு."

எங்கள் மோங் மொழியில்
மனசு குடியிருப்பது ஈரலில்.
பொறுமைசாலிக்கு ஈரல் நீளம்,
சுள்ளென்று விழுகிறவனுக்குக் குட்டை.
ஆங்கிலத்தில் எல்லாவற்றையும்
இதயமே பார்த்துக்கொள்கிறது, ஒற்றை ஆளாக.

நான்கு வருடம் முன்பு,
வேறொரு மருத்துவமனையில்,
ஒருவர் சொன்ன இதே வாக்கியத்தை
அப்படியே ஆங்கிலத்தில் இறக்கிவைத்தேன்.
மூன்று குப்பி ரத்தம் எடுத்தார்கள்.
ஈரல் நலமென்று அறிக்கை வந்தது.
அவர் தலையாட்டினார்,
டாக்டரைப் பார்க்கப் பாவமாக இருந்ததுபோல.

அதனால் இந்த முறை தட்டினேன்:
மிகுந்த வருத்தத்தில் இருக்கிறேன்.

டாக்டர் ஹால்வர்சன் நல்லவர்.
என் பெயரை நூ சியோங் என்று
சரியாகச் சொல்வதற்காக வீட்டில் பழகியவர்.
அந்த வரிக்கு மஞ்சள் பூசினார்.
மஞ்சள் என்றால் மன அழுத்தம்,
பச்சை குடும்பம், நீலம் செலவு.
ஃப்ரெஸ்னோவில் ப்லியா லோர் என்பவர்
என் ஆங்கிலத்தைப் பார்த்து மறுபடி மோங் ஆக்கினார்.
வருத்தமாகப் போனது வருத்தமாகவே வந்தது.
பொருந்துகிறது என்று குறித்துக்கொண்டோம்.
போன ஈரலை யாரும் தேடவில்லை.

விதிப்படி, ஒரு சனிக்கிழமை,
எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டப் போனேன்.
பூட்ஸைக் கழற்றுமுன் தட்டில் சோறு வந்துவிட்டது.
வாசித்தேன்.

"வருத்தமா?
பஸ்ஸை விட்டுட்டா வருமே, அதுவா?"

கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.
விரல் நுனிகள் குளிரில் வெடித்திருந்தன.

"ராத்திரி பூரா என் கையில ஈரல்தான்.
பெல்ட்டுல வரும், சூடு ஆறாம.
ஒவ்வொண்ணா புரட்டணும்.
நல்லது பைக்குள்ள போகும்.
கறுத்தது, புள்ளி விழுந்தது, தொட்டா கலையறது,
அதைத் தள்ளிவிடணும்.
அழுகின ஈரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.
தெரிஞ்சுதான் சொன்னேன்."

என் ஈரக்குலை ஒருமுறை ஆடி நின்றது.
பழமொழி என்று நினைத்திருந்தேன்.
அவள் பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது கரண்டி சோறு வைத்தாள்.
மகனைப் பற்றி நான் கேட்கவில்லை,
என் தாளில் அந்தக் கேள்வி இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த வரியை அழித்தேன்.
ஈரல் என்று ஆங்கிலத்தில் அடித்தேன்.
கீழே ஒரு குறிப்பு.
குறிப்புக்குள் ஆலை வந்தது, பெல்ட் வந்தது,
வெடித்த விரல்கள் வந்தன,
பக்கத்தின் அடி தாண்டி
அடுத்த பக்கத்தில் ஏறியது.
பதினோரு விநாடிக்கு இருபத்திரண்டு காசு.
அதை மட்டும் பில்லிலிருந்து எடுத்துவிட்டேன்,
ஏனென்று யாராவது கேட்டால் தெரியாது.

காலையில் டாக்டர் ஹால்வர்சனின் பதில்:
அருமை, நூ. ஆனால் நீளம்.
தவிர, இது இனி மஞ்சளில் நிற்காதே,
என்ன நிறம் கொடுக்கலாம்?

கறுத்ததை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்று
அவளிடம் கேட்க மறந்துவிட்டேன்.