கழித்தல் குறி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே
நாலாவது கடை என்னுடையது.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங்.
கேட் மூடினால் வியாபாரம்.
பஸ்ஸில் உட்கார்ந்து அலுத்தவர்கள் இறங்கி வந்து
அவசரமில்லாத காகிதத்தையும் நகலெடுப்பார்கள்.

மெஷினுக்குப் பின்னால், பேப்பர் கட்டுகளின் மேல்
பாரிவேளின் பள்ளிக்கூடம்.

ஆறாம் வகுப்பு முடிகிற சமயம்
வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
ஏழேழு நாற்பத்து என்றவன்
ஒன்பதுக்குள் நுழைய முடியாமல்
ஒ, ஒ, ஒ என்று வாசலிலேயே நின்றிருக்கிறான்.
வகுப்பும் சேர்ந்து ஒ, ஒ என்றிருக்கிறது.
மறுநாள் அவன் போகவில்லை.
அதற்கு மறுநாள் நான் அனுப்பவில்லை.

திருவாரூரில் ஒரு வீட்டில்
இரண்டு பிள்ளைகள் வீட்டிலேயே படிப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.
ஏழிலிருந்து பத்து வரை கணக்குப் பாடம்,
பயிற்சி தனி, விடை தனி.
ஒரு வாரம் இரவல்.
ஆயிரத்து நூறு பக்கம்.
ஷட்டரை இறக்கிவிட்டு இரவெல்லாம் நானே அடித்தேன்.

எனக்கு எக்ஸ் தெரியாது.
பத்தாவதில் கணக்கில் இருபத்தொன்பது.
எனக்குத் தெரிந்ததெல்லாம் விடைப் புத்தகம்.
டோனர் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.
அவன் எழுதியதும் அச்சில் இருப்பதும் ஒன்றென்றால்
டிக்.
இல்லையென்றால் பெருக்கல் குறி.
டீச்சர் வேலை இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன்.

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள்.
பட்டா, அடங்கல், பாஸ்புக், ஆதார்,
எல்லாம் மும்மூன்று.
மூணாறு தலைப்பு வரைக்கும் உள்ள சேறெல்லாம்
என் கடை வாசலில்.
அந்தக் கூட்டத்தில் நோட்டை நீட்டினான்.
−7 என்று எழுதியிருந்தான்.
புத்தகத்தில் 7.
பெருக்கல் குறி போட்டேன்.

நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"இ" என்றான்.
கேட் திறந்துவிட்டது, ஆளுக்காள் சில்லறைக்குக் கத்துகிறார்கள்.
"இ... இ..."
அப்புறம் பாப்பம்டா.

இரவு கல்லாவைத் திறந்தால்
வீணான பிரதி ஒன்றின் பின்பக்கத்தில்
அவன் கையெழுத்து:

3(x − 4) = 5x + 2
7 போட்டால் இந்தப் பக்கம் 9, அந்தப் பக்கம் 37.
−7 போட்டால் இந்தப் பக்கம் −33.
அந்தப் பக்கமும் −33.

மூன்று தடவை படித்தேன்.
பேப்பர்காரருக்கு ஏழு பாக்கி,
மேலே நாலு வாங்கினால் பதினொன்று,
மூன்று கடையில் இப்படியென்றால் முப்பத்து மூன்று.
அட, இது எனக்குத் தெரிந்த கணக்கு.

விடைப் புத்தகத்தை டியூப்லைட்டுக்கு அருகே பிடித்தேன்.
ஏழுக்கு முன்னால்
கொசுவின் கால் மாதிரி ஒரு சாம்பல்.
திருவாரூருக்குப் போன் போட்டேன்.
"கழித்தல் ஏழுங்க" என்றாள் அந்தப் பெண், கொட்டாவியோடு.
அந்த வாரம் டோனர் தீர்ந்துகொண்டிருந்தது.
குலுக்கிக் குலுக்கி மாட்டியது நான்தான்.

ஜூனிலிருந்து உள்ள நோட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தேன்.
தப்பான பெருக்கல் குறி பதினொன்று.
அதற்கப்புறம்
டிக் போட்டவற்றையும் பார்த்தேன்.
சில இடங்களில் காகிதம் மெலிந்திருந்தது.
ரப்பர் தேய்த்த தடம்.
தன் கோட்டை அவனே அழித்து
என் புத்தகத்துக்கு ஏற்ப
தப்பாக மாற்றியிருக்கிறான்.
மேலே சிவப்பில் என் டிக்.

காலையில் விடைப் புத்தகத்தை அவன் முன்னால் வைத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.
பேனாவை எடுத்து
விழாமல் போன கோடுகளை
ஒவ்வொன்றாகப் போட்டுக் கணக்குப் பார்த்தான்,
பக்கத்துக்குப் பக்கம்,
மன்னார்குடி பஸ் வந்து நின்று கேட் மூடும் வரை.

புது டோனர் வந்தது. கடனுக்குத்தான்.
வரவு செலவு நோட்டில்
4200 என்று எழுதி,
முன்னால்
அழுத்தி ஒரு கோடு போட்டேன்.